நீலாயதாட்சி கப்பலின் நீள மேஜை

நடுத்தட்டுச் சாப்பாட்டு அறையின் கதவில் "இரண்டாம் வகுப்புப் பயணிகளுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தது. வேம்பு நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். விவசாயச் சங்கத்துக்காரர்கள் நடத்திய ராப்பள்ளியில் அரிக்கேன் விளக்கடியில் கற்ற படிப்பு. ஓர் எழுத்தையும் விடாமல் படித்து முடித்துவிட்டுத் தோளால் இடித்துக் கதவைத் திறந்தாள்.

இட்லி பிட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படி அப்படியே நின்றன. பரிமாறுகிறவன் வாளியோடு ஓடி வந்தான்.

"யாரும்மா நீ? கீழ்த்தட்டு ஆளுங்களுக்கு இங்க சாப்பாடு கிடையாது."

"உன் சோத்தை எவன் கேட்டான்? ரிட்டயரான இன்ஸ்பெக்டர் ஒருத்தர் வர்றாராமே, தியாகேசன்னு. எந்த மேசை?"

வட்டக் கண்ணாடி சன்னலோரம் ஒரு ஒல்லி மனிதர் தலை நிமிராமல் சட்னி தொட்டுக்கொண்டிருந்தார். நரைத்த மீசை. பக்கத்தில் குல்லாய் போட்ட ஒரு பருமனான ஆள், கேட்ட மாத்திரத்தில் கை காட்டினார். "இவங்கதான் தங்கச்சி! நான் அப்துல் வஹாப். கூத்தாநல்லூரு. கைலி யாவாரம். சார் கூட ஒரே கேபினு. என்ன கேசு? கொலையா?"

வேம்பு அவரைப் பார்க்கவில்லை. மீசையைத்தான் பார்த்தாள். அது கருப்பாக இருந்த காலத்தில் பார்த்த மீசை.

"கீழ்வேளூர் ஸ்டேஷன்ல இருந்தவருதானே நீங்க? அறுப்புக் கூலி கேட்டதுக்கு எங்க தெரு ஆம்பளைங்கள நெல்லு மூட்டையாட்டம் லாரியில ஏத்துனவரு?"

தியாகேசன் விரலைத் தட்டில் வழித்தார். "ஆமாம். நான்தான்."

"அந்த லாரியில எம் புருசன் இருந்தாரு. கண்ணுசாமி."

"ஞாபகம் இல்லை."

 லாரிக் கட்டையில் இடித்து உடைந்த பல் இன்னும் கண்ணுசாமி வாயில் அரை பல்லாக நிற்கிறது. ஏற்றினவருக்கு ஞாபகம் இல்லையாம். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட இருந்தது. ஆனால் விடிந்தால் பினாங்கு. கப்பல் கரை பிடித்ததும் கண்ணுசாமியைப் போலீசில் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"வேற நாதி இருந்தா உங்க மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்," என்றாள். "திருட்டுப் பட்டம் கட்டி எம் புருசனைக் கயிறு போட்டு வைக்கிற ரூமுல அடைச்சிருக்காங்க. அவரு திருடல."

"உட்காரு. முதலேர்ந்து சொல்லு," என்றார் தியாகேசன்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

நீலாயதாட்சி ஒரு முழு ஊர். அதில் மூன்று தெரு. உச்சியில் முதல் வகுப்பு. கம்பளம் விரித்த சாப்பாட்டு மண்டபம், சாய்வு நாற்காலி போட்ட உலாத்தளம், ஆளில்லாமல் நிற்கும் பியானோ. அதற்குக் கீழே இந்த நடுத்தட்டு. எல்லாவற்றுக்கும் அடியில், சூரியன் எட்டிப் பார்க்காத கீழ்த்தட்டு. அங்கே இரும்புக் கட்டில்கள், எஞ்சின் சூடு, தகரத்தட்டுச் சாப்பாடு. மேலே போகிறவர்களுக்குப் பித்தளைப் பிடி போட்ட அகலப்படி. கீழ்த்தட்டு ஆட்களுக்குப் பின்பக்கம் ஒரு செங்குத்தான இரும்புப் படி. அது அடித்தட்டிலிருந்து கிளம்பி, காற்று வாங்க விட்டிருக்கும் பின்தளத்தைத் தொட்டு, உச்சியில் முதல் வகுப்பு மண்டபத்தின் பக்கவாசலில் போய் முடிந்தது. உச்சி வரைக்கும் ஏற, எசமான்களுக்கு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் அனுமதி.

உச்சியில் இருந்தார் துரைராசு. வேம்புவின் ஊர் மிராசுதார். பினாங்கில் இருக்கும் மகளின் சீமந்தத்துக்கு மனைவி ஆனந்தவல்லியோடு போகிறார். கூடவே அவருடைய காரியக்காரர் ரெங்கசாமி. காரியக்காரருக்கு அவர் எடுத்துக் கொடுத்தது கீழ்த்தட்டு டிக்கெட்டு. ஆகவே ரெங்கசாமியின் கட்டில் வேம்பு கட்டிலுக்கு எதிர்க்கட்டிலாக வாய்த்தது. வேம்புவும் கண்ணுசாமியும் போவது அவள் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு. அண்ணனுக்குப் பினாங்கு துறைமுகத்தில் வேலை, டிக்கெட்டும் அவன் அனுப்பியதுதான்.

"நேத்து மத்தியானம் மிராசுதாரு சாப்பிட்டுட்டுக் கேபினுக்குப் போனா, பொட்டிப் பூட்டு நெம்பிக் கெடக்காம். மகளுக்குப் போட எடுத்துட்டு வந்த கல் அட்டிகையைக் காணுமாம். ஒடனே நேரா எங்க கட்டிலுக்கு வந்தாங்க. என் துணி மூட்டையை ஒதறுனாங்க. அட்டிகை விழுந்துச்சு."

"நேரா உங்க கட்டிலுக்கா? ஏன்?"

"ரெங்கசாமி கை காட்டுனாரு."

"சாப்பாட்டு நேரத்துல உன் புருசன் எங்கே?"

"பின்தளத்துல வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தாரு. கடலு ஒத்துக்கல. நான் மட்டும் தட்டைத் தூக்கிக்கிட்டுச் சாப்பாட்டுக்குப் போயிட்டேன். போனதுதான் தப்பு."

"பகை?"

வேம்பு சிரித்தாள். சிரிப்பில் ஈரம் இல்லை. "கழக ஆட்சி வந்து குத்தகைப் பதிவுன்னு போட்டாங்கள்ல? நாங்க குத்தகைக்கு உழுவுற மூணு மா நெலம் எம் புருசன் பேருல ஏறிடுச்சு. மிராசுதாரு ஆள் அனுப்பிப் பாத்தாரு, நாத்தங்காலை மிதிக்கவிட்டுப் பாத்தாரு, நாங்க எந்திரிக்கல. ஆனியில ஆத்துல தண்ணி வந்துடும். அப்ப இவரு பினாங்கு செயில்ல கெடந்தா, சாகுபடியை விட்டுட்டு ஓடிட்டான்னு எழுதிடுவாங்க. அட்டிகையா முக்கியம்? அந்த மூணு மா போயிடும்யா!"

வஹாப் எழுந்தே விட்டார். "சார், எனக்கு வெளங்கிருச்சு. சமையக்கட்டுலேர்ந்து மேல சாப்பாடு தூக்குற பெட்டி ஒண்ணு கயித்துல ஏறி எறங்குதுல்ல? அதுக்குள்ள ஒரு குள்ளமான ஆளை..."

"உட்காருங்க பாய். கை கழுவிட்டுப் போவோம்," என்றார் தியாகேசன்.

பயணிகளுக்குப் பொறுப்பான அதிகாரிக்குப் பர்சர் என்று பெயர். அந்தக் கப்பலின் பர்சர் சாமிதுரை தரங்கம்பாடிக்காரர். வெள்ளை உடுப்பில் மடிப்புக் கலையாத மனிதர். வேம்புவைக் கண்டதும் முகம் சுளித்தார். தியாகேசனைக் கண்டதும் சுளிப்பை நிமிர்த்தி நாற்காலி போட்டார். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. அவள் கதவோரம் நின்றாள்.

மேசையில் அட்டிகை இருந்தது. அதன்கீழ் ஒரு வெள்ளைத் துண்டு. கஞ்சி போட்ட துணி, ஓரத்தில் சிவப்பு நூல் தையல், ஒரு மூலையில் கருஞ்சிவப்புக் கறை.

"இதுல சுத்தித்தான் மூட்டைக்குள்ள இருந்தது. முதல் வகுப்புச் சாப்பாட்டு மேஜைத் துண்டு. சிவப்புத் தையல் மேல்தட்டுக்கு மட்டும்தான்," என்றார் சாமிதுரை. "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் சார்? அவன் மேல ஏறிப்போயிருக்கான்."

"ரத்தமா?" வஹாப் கறையை நோக்கிக் குனிந்தார்.

தியாகேசன் முகர்ந்து பார்த்தார். மடித்து வைத்தார். "பார்த்த சாட்சியைக் கூப்பிடுங்க."

ரெங்கசாமி வந்தார். நெற்றியில் விபூதி, வாயில் வெற்றிலைச் சிவப்பு, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வேம்பு நிற்கும் பக்கத்தை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு சொன்னார்.

"நான் கீழ சாப்பாட்டுக்கூடத்துல முதல் பந்தியில சாப்பிட்டேங்க. எங்க பந்தி முடியட்டும்னு இந்த ஆளுங்கள்லாம் வெளியில நின்னுக்கிட்டிருந்தாங்க. இவ புருசனை மட்டும் அங்க காணும். நான் கைகழுவிட்டு வர்றேன், அந்தப் பய இரும்புப் படியில எறங்குறான். மடியில எதையோ செருகியிருந்தான். கொஞ்ச நேரத்துல எசமான் சத்தம் போட்டாங்க. எனக்குப் பொறி தட்டிருச்சு."

"எசமானுக்கு முன்னாடியே நீங்க சாப்பிட்டு முடிச்சிட்டீங்க?"

"ஆமாங்க."

"நல்லது. போகலாம்."

'இந்த ஆளுங்க', 'அந்தப் பய' என்ற சொற்களில் வேம்புவின் காது கொதித்துக்கொண்டிருந்தது. ரெங்கசாமி போகும்போது அவர் முதுகில் காறித் துப்பலாமா என்று பார்த்தாள். பர்சரின் தரை பளபளவென்று இருந்ததால் அடக்கிக்கொண்டாள். அதைத் துடைக்கப்போகிறவனும் தன்னைப் போன்ற ஒருத்தனாகத்தான் இருப்பான்.

கயிற்றறையில் கண்ணுசாமி வடச்சுருள் மேல் குறுகி உட்கார்ந்திருந்தான். தியாகேசனைக் கண்டதும் எழுந்தான். பழக்கம். அதைப் பார்த்து வேம்புவுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"எதுக்கு எந்திரிக்கிறே? உக்காரு!"

"சும்மா இரு புள்ள." அவன் தியாகேசனிடம் திரும்பினான். "நான் மேல ஏறலங்க. பின்தளத்துக் கம்பியைப் புடிச்சிக்கிட்டு வாந்தியெடுத்தேன். முடிஞ்சதும் படியெறங்கி வந்து படுத்தேன். படி எறங்குனது நெசம்."

"அப்போ கட்டில்கிட்ட யாராவது?"

"ஒரு ஈ காக்கா இல்லீங்க. எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தாங்க. கண்ணை மூடுனவன்தான். வந்து எழுப்பினப்பதான் முழிச்சேன்."

மத்தியான மணி அடித்தது. "பாய், இன்னிக்கு நமக்குக் கீழ்த்தட்டுல சாப்பாடு," என்றார் தியாகேசன்.

வஹாப் முகம் வாடியது. "சார், நடுத்தட்டுல இன்னிக்கி பிரியாணி."

"வாங்க."

கீழ்த்தட்டுச் சாப்பாட்டுக்கூடம் நீளமாகச் சவுக்குத் தோப்பு வரப்பு மாதிரிப் போயிற்று. நடுவில் ஒரே ஒரு மேஜை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தரையோடு ஆணி அடித்தது, இரண்டு பக்கமும் அதே நீளத்துக்குப் பலகை. நுழையும் இடத்தில் இரண்டு சன்னல். ஒன்றில் சைவம், மற்றதில் அசைவம். தட்டை நீட்டினால் அகப்பை விழும். வாங்கிக்கொண்டு எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டியது. ஏறிய முதல் நாள் ஒரு பெரிய சாதிக் குடும்பம் பலகையில் துண்டு விரித்து இடம் பிடித்தது. சமையல்காரன் அகப்பையோடு வந்து துண்டை எடுத்து எறிந்ததை வேம்பு பார்த்தாள். அன்று இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டாள்.

தியாகேசன் வரிசையில் நின்று தட்டில் சோறும் பூசணிக்காய்ச் சாம்பாரும் வாங்கி வந்தார். வஹாப் மீன்குழம்போடு வந்து இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நேத்தும் இதே சாம்பாரா?" என்று கேட்டார் தியாகேசன்.

"எங்களுக்கு என்னிக்கும் பூசணிக்காய்தான். கப்பல்ல வேற காயே ஏத்தல போலருக்கு."

"இங்கே முதல் பந்தி யாருக்கு? ரெண்டாம் பந்தி யாருக்கு?"

"பந்தியா?" வேம்பு கையை உதறினாள். "மணி அடிச்சா வந்தவன் வாங்குறான், கெடச்ச எடத்துல குந்துறான். எடமில்லைன்னா நிக்கிறான். கல்யாண வீடா இது?"

தியாகேசன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார். வேம்புவுக்குத் தொண்டையில் மீன்முள் நின்றது மாதிரி ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் வஹாப் உற்சாகத்தில் கட்டில்கள் இருக்கும் இடத்துக்கு ஓடினார். ரெங்கசாமியின் கட்டிலடியில் தவழ்ந்தார். அவர் உடம்புக்கு அது பெரிய காரியம். ஒரு தகர டின்னோடு வெளியே வந்தார்.

"சார், வெறும் அவலும் வெல்லமும்! அடியில வாழப்பழத் தோலு குமிஞ்சு கெடக்கு. இந்த ஆளு ஒளிச்சு வச்சது நகைன்னு பாத்தா நாஷ்டாவா இருக்கே!"

"நல்லாத் தேடினீங்க பாய்," என்றார் தியாகேசன். வஹாப் தம்மைக் கேலி செய்கிறாரோ என்று பார்த்தார். இல்லை.

இரும்புப் படியில் மூவரும் உச்சி வரை ஏறினார்கள். மண்டபத்தின் பக்கவாசலில் மூஸா என்கிற தலைமைப் பரிமாறுகிறவர் மண்டி போட்டு, வாசற்படியை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், கறையா?" என்றார் தியாகேசன்.

"கறையா சார் இது? வெத்தலை எச்சி! அந்த மிராசுதார் ஐயாவுக்குச் சாப்பிட்டு எந்திரிக்கறப்ப வெத்தலை மடிச்சு நீட்ட ஆள் வேணும். அந்த ஆளு தினம் ரெண்டு வேளையும் இங்க வந்து நின்னு, தானும் மென்னு, என் படியில துப்பிட்டுப் போறாரு."

"நேத்து மத்தியானமுமா?"

"நேத்து மட்டும் எனக்கு லீவா? அதையும் நான்தான் தேய்ச்சேன்."

தியாகேசன் அவரைத் தனியே அழைத்துப் போய் வேறு சிலவும் கேட்டார். திரும்பி வந்து சொன்னது ஒன்றுதான். "சாயங்காலம் டீ நேரத்துல எல்லாரையும் இந்த மண்டபத்துக்கு வரச் சொல்லணும். உன் புருசனையும்."

சாயங்காலம். மண்டபத்துக் கம்பளத்தில் வேம்புவின் பாதம் புதைந்தது. நாற்று நடும் சேறுகூட இவ்வளவு மெத்தென்று இருந்ததில்லை. சுற்றிலும் கண்ணாடி, பூச்சாடி, வெள்ளை விரிப்பு. எல்லாக் கண்ணாடியிலும் தன் கிழிந்த ரவிக்கை தெரிவதைப் பார்த்தாள். இழுத்து மூடவில்லை. பார்த்துக்கொள்ளட்டும்.

துரைராசு தம் வழக்கமான மேஜையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆனந்தவல்லி. பின்னால் வெற்றிலைச் செல்லத்தோடு ரெங்கசாமி. கண்ணுசாமியை இரண்டு மாலுமிகள் பிடித்து வந்து நிறுத்தினார்கள்.

"பர்சர், இதெல்லாம் எதுக்கு?" என்றார் துரைராசு. "நகை கெடச்சாச்சு. திருடன் கெடச்சாச்சு. நாளைக்குப் போலீசு பாத்துக்கும்."

"ரெண்டு கேள்விதான்," என்றார் தியாகேசன். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அம்மா, நேத்து மத்தியானம் இங்கே என்ன கறி?"

ஆனந்தவல்லிக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று தோன்றவில்லை. "பீட்ரூட்டுங்க. புதுசா இருந்துச்சு. கப்பல் ஆடுனதுல கிண்ணம் சாஞ்சு இவங்க மடித்துண்டுல கொட்டிட்டேன். எல்லாரும் பாக்குறாப்புல திட்டுனாங்க..."

கணவர் திரும்பிப் பார்த்தார். அவள் வாய் மூடிக்கொண்டது. ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

தியாகேசன் துண்டை விரித்து மேஜைமேல் வைத்தார். "இந்த மூலை."

"கப்பல்ல ஆயிரம் துண்டு இருக்கும்," என்றார் துரைராசு.

"இருக்கு. தினமும் வெளுத்துத்தான் மேஜைக்கு வருது. இந்தப் பயணத்துல பீட்ரூட் சமைச்சது நேத்து மத்தியானம் மட்டும், இந்த மண்டபத்துக்கு மட்டும். கீழே பூசணிக்காய், நடுவிலே அவரைக்காய். மூஸா பாய் துண்டுகளைச் சேர்க்கறப்ப உங்க மேஜையில ஒண்ணு குறைஞ்சது. உங்களோடது."

"அந்தப் பய எடுத்திருப்பான். நான் எந்திரிச்சு நடந்தப்புறம்."

"அதுதான் முடியாது. நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறப்ப கண்ணுசாமி பெட்டியை உடைச்சான்னு நீங்க சொல்றீங்க. நீங்க சத்தம் போடறதுக்கு முன்னாடியே அவன் நகையோட கீழே இறங்கிட்டான்னு ரெங்கசாமி சொல்றார். அந்த நேரம் பூராவும் துண்டு உங்க மடியில. நீங்க எந்திரிச்சப்புறம்னா, கையில நகையோட இருக்கிறவன் ஒரு துண்டுக்காக இத்தனை பேர் கண்ணு முன்னாடி இங்கே வந்து நிப்பானா? நகை உங்க கேபின்ல இருந்து திருடு போகலை. இந்த மேஜையில இருந்து, உங்க துண்டுக்குள்ள இருந்து புறப்பட்டிருக்கு."

சாமிதுரை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "சார், பெரிய மனுஷர்..."

"இன்னும் ஒண்ணு இருக்கு. ரெங்கசாமி, நேத்து எங்கே சாப்பிட்டீங்க?"

"சொன்னேனேங்க. கீழ. முதல் பந்தியில."

"மத்தவங்க வெளியே நின்னாங்க."

"எங்க பந்தி முடியற வரைக்கும் நின்னாங்க. அதானே மொறை?"

வேம்புவுக்குத் தொண்டையில் நின்ற முள் அப்போதுதான் உடைந்தது. காலையில் இதே வார்த்தையை இதே வாயிலிருந்து கேட்டாளே! பிறந்த நாளிலிருந்து கேட்ட வார்த்தை என்பதால் காதில் தங்காமல் போய்விட்டது. முதல் பந்தி அவர்களுக்கு, கடைசிப் பந்தி நமக்கு. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது மாதிரி. அவளுக்குத் தன்மேலேயே கோபம் பொங்கியது.

"அந்தக் கூடத்துல பந்தியே இல்லை," என்றார் தியாகேசன். "ஒரே மேஜை. யாரும் யாருக்காகவும் வெளியே நிற்கிறது இல்லை. ஒரு தடவை உள்ளே காலை வச்சிருந்தாலும் இது தெரிஞ்சிருக்கும். நீங்க அந்த வாசலைத் தாண்டினதே இல்லை ரெங்கசாமி. இவங்களோட ஒரே பலகையில உட்காரணுமேன்னு கப்பல் ஏறின நாள்லேர்ந்து அவல் தின்னுக்கிட்டு இருக்கீங்க. உங்க ஊர்ப் பந்தி முறையை இந்தக் கப்பல் மேல ஏத்திப் பொய் சொன்னீங்க."

"டின்னைக் கண்டுபுடிச்சது நான்தான்," என்றார் வஹாப் பொதுவாக எல்லோரையும் பார்த்து.

"நேத்து மத்தியானமும் வழக்கம்போல அந்தப் பக்கவாசல்ல வெற்றிலையோட நின்னீங்க. படியில துப்பின எச்சில் சாட்சி, தேய்ச்ச மூஸா பாய் சாட்சி. வெற்றிலை உங்க கையிலேர்ந்து அவர் கைக்குப் போச்சு. துண்டு அவர் கையிலேர்ந்து உங்க கைக்கு வந்தது. நீங்க இரும்புப் படியில இறங்கினீங்க. கட்டில் பக்கம் யாரும் இல்லை. மூட்டையில செருகினீங்க. மேல் வகுப்புத் துண்டும் கூட இருந்தா மேலேயிருந்து திருடினதுக்கு அத்தாட்சின்னு நினைச்சீங்க. திரும்பி வர்றப்ப, பின்தளத்துலேர்ந்து கண்ணுசாமி இறங்கறதைப் பார்த்தீங்க. உங்களுக்கு அது அதிர்ஷ்டம்."

ரெங்கசாமி எசமானைப் பார்த்தார். எசமான் பார்த்தது சன்னலை.

"நாய்க்கு எடம் குடுத்தா இப்படித்தான்," என்றார் துரைராசு. "எல்லாம் இவனே பண்ணியிருக்கான். மேஜையிலேர்ந்து துண்டைத் திருடியிருக்கான், நகையைத் திருடியிருக்கான். எனக்கு ஒண்ணும் தெரியாது."

சாமிதுரைக்கு உயிர் வந்தது. "அப்ப ரெங்கசாமி மேல ரிப்போர்ட் எழுதிடறேன். கண்ணுசாமியை விட்டுடலாம். ஐயாவுக்கு எந்தத் தொந்தரவும் வேண்டாம்."

"நல்லாருக்குய்யா உங்க நாயம்!" வேம்பு கம்பளத்தை மிதித்துக்கொண்டு நடுவில் வந்தாள். "எங்க ஆளுன்னா மூட்டையை ஒதறிக் கையில வெலங்கு. அவுரு ஆளுன்னா ரிப்போர்ட்டு. அவுருன்னா தொந்தரவு வேண்டாம். நாளைக்கு ஊருக்குத் திரும்பி வருவாரு. எங்க நாத்தங்கால்ல திரும்ப மாட்டை வுடுவாரு. கேட்டா, கப்பல்ல ஒண்ணுமே நடக்கலையேம்பாரு!"

"மடியிலேர்ந்து கைக்குத் துண்டு போனதைப் பார்த்தவங்க ரெண்டே பேர்," என்றார் தியாகேசன். "ஒருத்தர் சொல்லமாட்டார். இன்னொருத்தர் சொன்னாத்தான் உண்டு. என் வேலை இதோட சரி."

ரெங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார். அவர் கையில் வெற்றிலைச் செல்லம் அப்படியே இருந்தது.

மாலுமிகள் கண்ணுசாமியை விட்டார்கள். அவன் பழக்கத்தில் இரும்புப் படிப் பக்கம் திரும்பினான். வேம்பு அவன் கையைப் பிடித்து இழுத்தாள். பித்தளைப் பிடி போட்ட அகலப்படியில், நடுத்தட்டு ஆட்களெல்லாம் பார்க்கப் பார்க்க, இறங்கிப் போனார்கள். தியாகேசனைக் கடக்கும்போது அவள் நின்றாள்.

"கும்பிடு போடுவேன்னு பாக்காதீங்க. அந்த லாரிக் கணக்கு அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும்," என்றார் அவர்.

ராச்சோற்றுக்கு மணி அடித்தது. கூடம் நிறைந்திருந்தது. சேதி அதற்குள் எஞ்சின் ஆட்கள் வரை போய்விட்டது. கண்ணுசாமி கப்பல் ஏறியதிலிருந்து முதல் தடவையாகப் பசிக்கிறது என்றான். வேம்பு தன் தட்டிலிருந்து அவனுக்குச் சோறு தள்ளினாள். எதிர்ப்பக்கத்தில் தியாகேசன். பக்கத்தில் வஹாப், யாரும் கேட்காவிட்டாலும் டின் கதையைச் சொல்லிக்கொண்டு.

சன்னலோரம் இருந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

வாசலில் ரெங்கசாமி நின்றிருந்தார். பின்னால் காவலுக்கு ஒரு மாலுமி. டின்னைச் சாட்சிப் பொருளாகப் பர்சர் எடுத்துக்கொண்டுவிட்டார். மேலே எசமான் கேபின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. சைவச் சன்னலில் தட்டை நீட்டினார். அகப்பை விழுந்தது. தட்டோடு திரும்பியவர், உட்காரும் இடம் தெரியாமல் மேஜையின் நீளத்தைப் பார்த்தார். யாராவது எழுந்து இடம் விடுவார்கள் என்று அவர் கால்கள் காத்து நின்றன. ஒருவரும் எழவில்லை.

"எடம் இருக்கு," என்றாள் வேம்பு. வாழ்நாளில் முதல் தடவையாக அவரிடம் 'ஐயா' போடாமல் பேசினாள். "இதோ, பலகை. உக்காரு. உனக்காக இங்க எவனும் எந்திரிக்க மாட்டான்."

ரெங்கசாமி கண்ணுசாமிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். பசி அவரை மீறியது. அள்ளி அள்ளித் தின்றார், யாரையும் பார்க்காமல். தட்டு பாதி காலியானபோது அவர் கை நின்றது.

"நாய்னுட்டாரு," என்றார் தட்டைப் பார்த்தபடி.

 வேம்புவுக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை. தங்கள் தெருவை அந்தப் பெயரால்தானே இவர் முப்போகமும் கூப்பிட்டார்.

ரெங்கசாமி முணுமுணுத்தார். "பூட்டை நெம்புனது எசமான்தான். துண்டைக் கடல்ல போட்டுடுன்னாரு. நான்தான் கேக்காம..."

தியாகேசன் கையை நிறுத்தினார். வஹாப் ஒரு மீன்துண்டை வாயில் போட்டபடியே பர்சரை இழுத்துவர ஓடினார்.

வேம்பு எழுந்து நின்றாள். மேஜையின் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"எனக்கு மட்டும் சொல்லாதே," என்றாள். "எந்திரிச்சு நின்னு சத்தமாச் சொல்லு. அந்தக் கோடி வரைக்கும் கேக்கணும்."